எண் இல்லாத பெட்டி

வெள்ளிவிழாக் காலையில் குத்ரூன் கட்டிலில் ஷூ போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். ஷூ மட்டுமா? நீலக் கவுன், கவுன் பையில் ஆல்போர்க்குக்கு ஒரு டிக்கெட். எல்லாவற்றையும் சேர்த்துச் சிறகுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தாள். ஜூன் மாதத்தில் எங்கள் மோர்விக்கில் சூரியனுக்குத் தூக்கமே கிடையாது. அந்நேரத்துக்கே அறை பளீரென்று இருந்தது. போர்வைக்குள் அவள் வெந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ப்ரேபன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தான். கீழே ஊரே கூடி, வாசலை அடைத்து வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் செய்ய நினைத்தது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. அவர்கள் குடியிருந்த ரயில் ஸ்டேஷன் மாடியிலிருந்து இறங்கி, வாசலுக்கே வந்து நிற்கும் காலை வண்டியில் ஏறி, ஆல்போர்க்குக்குப் போய், வீட்டுவசதிச் சங்க அலுவலகத்தில் மத்தியானத்துக்குள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒரு சின்ன வாடகை வீடு அவளுக்கு. போடாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. எங்கள் ஊர் கடைசி ஸ்டேஷன். காலை வண்டியை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். அந்த வரிசையில் அவள் பேரைப் பதிந்தபோது மகளுக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது மகள் கோபன்ஹேகனில் பல் டாக்டர். அவ்வளவு காலம் காத்திருந்து வந்த வீடு, நாலு ஊசியிலைக் கிளைக்கு அந்தப் பக்கம் நின்றது.

கிளை விஷயம் இதுதான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிற காலையில் அக்கம்பக்கத்தார் ஏணியோடு வந்து, வாசலைச் சுற்றிப் பச்சைக் கிளைகளால் வளைவு கட்டி, உச்சியில் ஜிகினாத் தாள் சுற்றிய ‘25’ஐத் தொங்கவிடுவார்கள். அப்புறம் பாடி எழுப்புவார்கள். அதுவரை தம்பதி தூங்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் தூங்குகிற மாதிரி கிடக்க வேண்டும். ஆணி அடிக்கிற சத்தத்தில் கல்லறையில் இருப்பவர்களே எழுந்து உட்காருவார்கள். ஆனாலும் பாட்டு தொடங்கும்வரை ஜன்னல் திரை அசையக் கூடாது. முன்னாலேயே தலையை நீட்டிய ஒரு தம்பதியைப் பற்றி இன்னும் பேசுகிறோம். பாவம், அந்த மனிதர் செத்தே போய்விட்டார்.

தப்பிக்க அவள் முயலாமல் இல்லை. உள்ளூர்ப் பேப்பரில் ‘வெள்ளிவிழா. மரியாதைகள் எதுவும் வேண்டாம்’ என்று அறிவிப்புப் போட்டிருந்தாள். போட்டு என்ன பிரயோஜனம்? எங்கள் ஊரில் அந்த அறிவிப்பைப் படிக்கிறவர்கள், தேதி உறுதியாகிவிட்டது என்று ஏணியைத் தேடப் போவார்கள். இது குத்ரூனுக்குத் தெரியாததா? புகைபோட்ட மீன் விற்கிற பக்கத்து வீட்டு லிஸ்ஸி அதே அறிவிப்பைப் போட்டபோது, விடிகாலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே குத்ரூன்தான். அதனால் இந்தத் தடவை லிஸ்ஸியிடம் ஒரு பொய்யும் சேர்த்துச் சொல்லிவைத்தாள்: அன்றைக்கு நாங்கள் மகள் வீட்டில் இருப்போம் என்று. லிஸ்ஸி அந்தப் பொய்யை அன்று சாயங்காலமே மீனோடு கட்டி ப்ரேபனிடம் கொடுத்துவிட்டாள்.

“அப்படியா சொன்னா? வீட்டுலதான் இருப்போம்,” என்றான் ப்ரேபன் சிரித்துக்கொண்டு. “அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நீங்க பாட்டுக்கு வாங்க.”

ஆகையால்தான் இன்று, உடுத்தி முடித்து, கதவுப் பிடியில் கை வைத்த நேரத்தில், வெளிச்சுவரில் ஏணி மோதுகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பகீரென்றது. திரும்பிப் போய், அப்படியே, ஷூவோடு படுக்கையில் விழுந்தாள்.

“எழுந்திரிக்காதே தங்கம்,” என்றான் ப்ரேபன், கண்ணைத் திறக்காமலே. “பாட்டு வரட்டும்.”

“ப்ரேபன், எனக்கு...”

“ஷ்ஷ். நான் தூங்கறேன்.”

கீழேயிருந்து லிஸ்ஸி, ஊருக்கே கேட்கும்படி ரகசியம் பேசினாள். “மெதுவா அடிங்கய்யா! முழிச்சுக்கப் போறாங்க!”

“இருபத்தஞ்சு கோணலா தொங்குதே.”

“நீ கோணலா நிக்கறே, அதான். நேத்து ராத்திரி எவ்வளவு குடிச்சே?”

கீழே எழுந்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். வேறு வழியும் இல்லை. இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் ஒன்று இருக்கத்தான் இருந்தது. பழைய வரைபடத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை என்று கண்டுபிடித்து, ஸ்டேஷன் பாதுகாப்புச் சங்கத்தார் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது மாடிப்படி இறங்கினால் பயணிகள் கூடம், கூடத்தைத் தாண்டினால் பெரிய கதவு, கதவைத் திறந்தால் பிளாட்பாரம். அந்தப் பெரிய கதவைச் சுற்றித்தான் வளைவு ஏறிக்கொண்டிருந்தது.

குத்ரூன் இந்த ஊர்க்காரி அல்ல. உள்ளே தள்ளி, கடல் வாசனையே எட்டாத ஒரு உருளைக்கிழங்குப் பண்ணையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கோடையில், கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலைக்கு வந்தாள். ஒரு கோடைக்குத்தான், அப்புறம் ஆல்போர்க்கில் தையல் படிக்கப் போவதாகப் பேச்சு. கைப்பிடி வைத்த பழுப்பு நிற அட்டைப்பெட்டியோடு இந்தப் பிளாட்பாரத்தில் இறங்கியபோது, ஸ்டேஷன் மாஸ்டர் மகன் ப்ரேபன் அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றான். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.

“எல்லாரும் இறங்கினதும் கடலைப் பார்ப்பாங்க. நீ கடிகாரத்தைப் பார்க்கறியே,” என்றான்.

“வேலைக்கு லேட்டாயிடுச்சோன்னு.”

“வண்டி சரியான நேரத்துக்கு வந்திருக்கு. இந்த ஸ்டேஷன்ல எப்பவும் அப்படித்தான்,” என்று சொன்னான், ஏதோ அவனே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவன் மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். சிரித்தவளின் பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு நடந்தான். மூன்று கோடை கழித்து அதே பெட்டி ஸ்டேஷன் மாடியில் ஏறியது. அப்புறம் இறங்கவே இல்லை.

மாமனார் ஓய்வு பெற்றதும் ஸ்டேஷன் மாஸ்டர் என்கிற வேலையே இல்லாமல் போயிற்று. சுவரில் டிக்கெட் மெஷின் வந்தது. கட்டடத்தை விற்றுவிடுவார்கள் என்று பேச்சு வந்தபோது, துறைமுகத்தில் எடை போடும் வேலையில் இருந்த ப்ரேபன்தான் ஊரைக் கூட்டிச் சங்கம் தொடங்கினான்; ஓடினான், கெஞ்சினான், கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வைத்தான். சங்கத் தலைவரும் ஆனான். நல்லவன். குடிக்கிறானா? பண்டிகைக்கு ஒரு கிளாஸ். கை நீட்டுகிறானா? ஈயைக்கூட ஜன்னல் திறந்து வெளியே அனுப்புகிறவன். குறை சொல்ல இடமே வைக்காத மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? கெட்டவனாக இருந்திருந்தால் ஊரில் யாராவது அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்கள் வந்தார்கள். முதலில் கூடத்தையும் டிக்கெட் ஜன்னலையும் பழைய தராசையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு மழை நாளில் யாரோ, “மேலே என்ன இருக்கு?” என்று கேட்டார்கள். ப்ரேபனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கூட்டிக்கொண்டு ஏறிவிட்டான். குத்ரூன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அன்று சூழ்ந்து நின்று “அட, எவ்வளவு அழகு!” என்றவர்கள் போனதும், வெளிப்பலகையில் ஒரு வரி கூடியது: ‘ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் வாழ்ந்த வீடு, மாடியில்.’ வாழ்ந்த வீடாம்! அவள் அங்கேதான் உயிரோடு நின்று கறி வதக்கிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து கோடைகாலம் முழுக்க ஞாயிறு என்றால் இதுதான் வேலை. டி.வி.மேல் பழைய துணி. மின்சாரக் கெட்டில் கட்டிலுக்கு அடியில். துவைக்கிற தூள், பிளாஸ்டிக் வாளி, மகளின் பாப் பாடகர் படங்கள் எல்லாம் அலமாரிக்குள். குத்ரூனுக்கு ஒரு கஞ்சிபோட்ட ஏப்ரன், கட்டில் பக்கத்து ஆணியில் தொங்கவிட நீண்ட வெள்ளை இரவு அங்கி ஒன்று. வருகிறவர்கள் டிராயரை இழுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சட்டி மூடியைத் திறந்து, “நிஜமாவே வேகுது!” என்று மனைவியைக் கூப்பிட்டார். ஒரு அம்மாள், “இதுக்குச் சம்பளம் தர்றாங்களா?” என்று அனுதாபமாகக் கேட்டாள்.

“சாப்பாடு போடறாங்க,” என்றாள் குத்ரூன். “நான் சமைச்சா.”

அந்த அம்மாள் அதைக் குறிப்பாக ரசித்துவிட்டுப் போனாள்.

மகள் படிக்கப் போன குளிர்காலத்தில் வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல இருட்டாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட ஜன்னல், பெரிதாக்கக் கூடாது. அதன் வழியாக வருகிற காற்றும் பாதுகாக்கப்பட்ட காற்றுதான். ஒரு நாள் குத்ரூன் கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்ட் வாங்கிவந்து சமையலறை அலமாரிக்கு அடித்தாள். நல்ல, வெண்ணெய் மஞ்சள். அடித்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

வசந்தத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. கணக்கு, கூரை, கழிப்பறைக் குழாய் எல்லாம் பேசி முடித்து, கடைசியாக அலமாரி. மஞ்சளுக்கு அடியில் பழுப்பு இருந்தது, அதுதான் அசல் என்றார்கள். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் மஞ்சள் அழகாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். அப்புறம் பழுப்புக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். குத்ரூன் காப்பிக் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தாள். கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. எல்லோரும் தூக்குகிறபோது ஒருத்தர் மட்டும் தூக்காமல் நிற்பது இருக்கிறதே, அது எங்கள் ஜனங்களுக்கு வராது. தலைபோனாலும் வராது. அவள் கூஜாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைத் தூக்கினாள்.

“எதிர்ப்பு யாரும் இல்லே,” என்றான் ப்ரேபன் பெருமையாக. “குத்ரூனே ஒத்துக்கிட்டா.”

அந்த மஞ்சளை அவனே, விடுமுறை நாட்களில், சீட்டியடித்துக்கொண்டு சுரண்டினான். சுரண்டல் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றுதான் அவள் வீட்டுவசதிச் சங்கத்துக்குப் போன் போட்டு, வரிசையில் நான் எங்கே இருக்கிறேன் என்று முதல்முறையாகக் கேட்டாள்.

பல வருஷம் கழித்து, போன வாரம்தான் அவர்கள் கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடி, ஒரு அறை, பால்கனி.

“ஜன்னல் எப்படி?” என்று கேட்டாள் குத்ரூன்.

“சாதாரண ஜன்னல்தாங்க. பெரிசா இருக்கும்.”

“அலமாரி?”

“வெள்ளை. பிடிக்கலேன்னா வேற கலர் அடிச்சுக்குங்களேன், யாரு கேக்கப் போறா?”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ப்ரேபனிடம் சொல்லத்தான் நினைத்தாள். சாயங்காலம் சாயங்காலம் வாயைத் திறந்தாள். அவன் கோபப்படுவான் என்கிற பயமில்லை. “சரி தங்கம், சங்கத்துல கேட்டுப் பார்க்கறேன்” என்று சொல்லிவிடுவானே என்கிற பயம்தான். சொன்னால் ஊர் கூடும், எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள், கடைசியில் கை தூக்கச் சொல்வார்கள், அவளும் தூக்கிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். போனபின் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். துணிகளை அந்தப் பழைய பழுப்புப் பெட்டியில் அடுக்கினாள். மாடியில் வைத்தால் அவன் கண்ணில் படும் என்று, முந்தின நாள் சாயங்காலம் அதைக் கூடத்துக்கு இறக்கி, பார்வைக்கு வைத்திருந்த பழங்காலப் பெட்டிக் குவியலோடு வைத்துவிட்டாள். இருபத்தெட்டு வயதுப் பெட்டி, பெரியவர்களோடு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

கீழே பாட்டுத் தொடங்கியது. எல்லா வெள்ளிவிழாவிலும் பாடுகிற அதே பாட்டு. இழுத்து இழுத்து, கடலோரக் குளிரில் கட்டிய தொண்டைகளோடு.

ப்ரேபன் துள்ளி எழுந்தான். “ஆகா! யாரு இது, இந்நேரத்துல!” என்று சுவருக்குச் சொன்னான். அப்பாவின் சீருடைக் கோட்டையும் தொப்பியையும் எடுக்கப் பக்கத்து அறைக்கு ஓடினான். குத்ரூன் போர்வையை உதறி எழுந்தாள். இந்தக் கோலத்தில், கவுனும் ஷூவுமாக இறங்கினால், பாட்டுக்கு முன்பே எழுந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும். தப்பித்துப் போகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா? கவலைதான், என்ன செய்வது! ஆணியில் தொங்கிய காட்சிப்பொருள் அங்கியை எடுத்துக் கவுன்மேல் மாட்டிக்கொண்டாள். கழுத்துவரை பொத்தான் போட்டாள். ஷூவை மாற்ற நேரமில்லை.

பெரிய கதவைத் திறந்ததும் பச்சைக் கிளை வாசனை மூக்கில் ஏறியது. பிளாட்பாரம் நிறையச் சனம், ஆளுக்கொரு சிவப்பு வெள்ளைக் கொடி. பாட்டு முடிந்ததும் “ஹுர்ரா!” என்று கத்தினார்கள். லிஸ்ஸி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“ஏன்டி, மகள் வீட்டுக்குப் போறேன்னு எங்கிட்டயே கதை விட்டியா? மாட்டிக்கிட்டியா?”

“மாட்டிக்கிட்டேன்,” என்றாள் குத்ரூன்.

லிஸ்ஸி கீழே பார்த்தாள். “என்ன, ஷூ போட்டுக்கிட்டா தூங்குவே?”

“கால் குளிருது.”

“அந்த வீட்டுல குளிராம என்ன செய்யும்,” என்று சொல்லிவிட்டு லிஸ்ஸி ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எல்லோரும் உள்ளே போனார்கள். வளைவு கட்டியவர்களுக்குக் காலை உணவு கொடுப்பது தம்பதியின் கடமை. ரொட்டி, சீஸ், காப்பி எல்லாம் அவர்களே கொண்டுவந்திருந்தாலும் சரி. கூடத்தில் மேஜை போட்டார்கள். கசப்புச் சாராயம் சின்னக் கிளாஸ்களில் சுற்றிவந்தது. குத்ரூனை நடுவில், சுவரோரமாக, இரண்டு பக்கமும் ஆள் உட்காரும் இடத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். பெட்டிக் குவியல் எதிர்ச் சுவரில் இருந்தது. நடுவில் மேஜையும், மேஜையைச் சுற்றி ஊரும்.

காலை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் ஹென்னிங் இறங்கிவந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டான். “தலைவரே, இன்னைக்கு நீங்க விசில் அடிச்சு, பச்சைச் சிக்னல் தட்டு தூக்கினாத்தான் வண்டியை எடுப்பேன். பழைய முறைப்படி!” என்றான். கைதட்டினார்கள். கடிகாரத்துக்கு நேர் எதிரே குத்ரூன் உட்கார்ந்திருந்தாள். முள் நகருகிற சத்தம் அவள் காதில் இடித்தது. யாரோ அவள் தட்டில் இரண்டாவது ரொட்டியை வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ப்ரேபன் கரண்டியால் கிளாஸைத் தட்டினான். பிரசங்கம்.

“குத்ரூன்,” என்றான். “நீ ஒரு கோடைக்குன்னு வந்தே. இந்த ஸ்டேஷன்ல எவ்வளவோ பேர் இறங்கினாங்க, ஏறினாங்க. இறங்கி, ஏறாம இருந்தது நீ ஒருத்திதான்.” சிரிப்பு. “இந்த வீட்டைப் பார்க்க வர்றவங்க எங்கிட்ட என்ன கேக்கறாங்க தெரியுமா? மேலே அந்த அம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க. அதனால சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கு. ஒரு மனசா.”

பொட்டலத்தைப் பிரித்தான். பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. எழுத்து செதுக்கியிருந்தது: ‘குத்ரூனின் சமையலறை.’ கீழே அவள் இந்த ஊருக்கு வந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம்.

அவன் கண் கலங்கியிருந்தது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். குத்ரூன் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். செத்தால்தான் அந்த இடம் நிரம்பும். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. “நல்லா இருக்கு,” என்றாள். வேறு என்ன சொல்வாள்? ஊரே சந்தோஷமாக இருந்தது.

“மாட்டிட வேண்டியதுதான்! இப்பவே!” என்று யாரோ சொன்னார்கள். “யாரெல்லாம் இப்பவே மாட்டணுங்கறீங்க?”

விளையாட்டாகத்தான் கேட்டார்கள். கிளாஸ் பிடித்த கை, ரொட்டி பிடித்த கை, கொடி பிடித்த கை எல்லாம் மேலே போயின. குத்ரூனின் வலக்கையும் மேஜைமீதிருந்து எழும்பியது. தானாக எழும்பிய அந்தக் கையை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதைக் கீழே கொண்டுபோய் மேஜை விளிம்பில் ஊன்றினாள். எழுந்து நின்றாள்.

“கொஞ்சம் வழி விடுங்க.”

வழி விட்டார்கள். பெட்டிக் குவியலுக்குப் போய், மேலேயிருந்த பழுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கதவுக்கு நடந்தாள். கணநேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் லிஸ்ஸி கைகொட்டினாள்.

“அய்யய்யோ, பாருங்களேன்! நாடகம்! அவ வந்த மாதிரியே திரும்பிப் போய்க் காட்டறா!”

அவ்வளவுதான். நீண்ட வெள்ளை அங்கி, பழைய பெட்டி, பழைய சீருடையில் கணவன். சங்கம் ஏற்பாடு செய்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கிளாஸும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தார்கள். பச்சை வளைவுக்குள் குனிந்து வெளியே வந்த அவள்மேல் இரண்டு ஊசியிலைகள் உதிர்ந்தன. வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே கொடி அசைத்துச் சிரித்தார்கள், கண்ணாடியைத் தட்டினார்கள், கொச்சையாக ஒருவர் அங்கியைப் பற்றி ஏதோ சொன்னார். ஓடிப்போகிறவளை இப்படி வாழ்த்தி அனுப்பிய ஊர் வேறெங்கும் இருக்காது. ஒரு நிமிஷத்தில் யாராவது உள்ளே வந்து, போதும் வாடி என்று கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அவளும் இறங்கிவிடுவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ப்ரேபனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். ஒரு கையில் விசில், ஒரு கையில் பச்சைத் தட்டு. ஜன்னலருகே வந்ததும் பெட்டியைப் பார்த்தான். சங்கத்துப் பெட்டி ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் எண் எழுதிய அட்டையை அவனே நூலில் கட்டியிருந்தான். இந்தப் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் போக இடம் தெரியவில்லை.

குத்ரூன் ஜன்னலின் மேல்பகுதியை இழுத்துத் திறந்தாள்.

“இதுல எண் இல்லே,” என்றான் ப்ரேபன்.

“இல்லே.”

“இது நம்ம பெட்டி.”

“என் பெட்டி.”

பின்னால் “முத்தம்! முத்தம்!” என்று கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்கே?”

“ஆல்போர்க். ஒரு வீடு கிடைச்சிருக்கு. மத்தியானத்துக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “மூணாவது மாடி. அங்கே யாரும் பார்க்க வரமாட்டாங்க, ப்ரேபன்.”

அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். “மஞ்சளா?” என்று கேட்டான். “அந்த அலமாரியாலயா?”

“அதுவும்.”

“நீ கை தூக்கினியே.”

“தூக்கினேன். தூக்காம இருக்கத் தெரியலே எனக்கு.”

முன்னாலிருந்து ஹென்னிங் தலையை நீட்டினான். “தலைவரே! லேட்டாகுது! தட்டைத் தூக்கறீங்களா, இல்லே நான் இறங்கி இன்னொரு ரொட்டி சாப்பிடட்டுமா?”

ப்ரேபன் தட்டைத் தூக்கவில்லை. பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி தாமதமாகப் போவது அவனுக்குப் பல்வலி மாதிரி, இருந்தும் நின்றான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் வண்டிக்குள் ஏறிவிடுவார்கள். குத்ரூன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

“நான் வந்து பார்க்கலாமா?” என்று கேட்டான், மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வா,” என்றாள். “ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம்.”

அவன் தலையாட்டினான். இரண்டடி பின்னால் போய், முறைப்படி குதிகாலைச் சேர்த்து நின்றான். விசிலை வாயில் வைத்தான். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை விசில் நீளமாகக் கூவியது. அப்புறம் அத்தனை பேருக்கும் நடுவில் தன் கையைத் தூக்கினான், பச்சைத் தட்டோடு, தலைக்கு மேலே.

வண்டி நகர்ந்தது. ஹுர்ரா என்று ஊர் கத்தியது. லிஸ்ஸி கூடவே கொடி அசைத்துக்கொண்டு ஓடிவந்தவள், குத்ரூனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை நிறுத்தினாள். வண்டி நகர்ந்ததும் தட்டைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது முறை. மாமனார் காலத்தில் அதை அவள் எத்தனையோ தடவை மேல் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ப்ரேபன் இறக்கவில்லை. தண்டவாளம் வளைந்து ஸ்டேஷன் மறைகிற வரைக்கும் அந்தக் கை மேலேயே இருந்தது.